நரி மடித்த வலை

ஹவுன்ஸ்லோ வீட்டுத் தோட்டத்தில் யசோதினி நட்ட ஐரிஸ் செடி இரண்டு வருடமாகப் பூக்கவில்லை. கடையில் வேலை முடிந்து வந்ததும், வெளியே தெரியும் அதன் கிழங்கை மண் போட்டு மூடுவாள். மறுநாள் வந்து பார்த்தால் மண் விலகிக் கிடக்கும்.

“நரியாயிருக்கும். செடிக்கு மேலை வலை போட்டுப் பாருங்கோ,” என்றாள் பக்கத்து வீட்டுச் சுசிலா.

போட்டாள். அடுத்த நாள் அந்த வலை அழகாக மடிக்கப்பட்டுச் சுவரோரம் இருந்தது. நரி வலையை மடிக்குமா?

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். காலையில் பின்பக்கக் கேற் திறந்தது. உள்ளே வந்த ஆள் செடியருகே குந்தி, விரலால் மண்ணை விலக்கினான்.

விமான நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்த அவள் கணவன் றமணன்.

“என்னப்பா செய்யிறீங்கள்?” என்றபடி யசோதினி வெளியே வந்தாள்.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். “கிழங்கிலை வெயில் பட்டாத்தான் இது பூக்கும், யசோ. நீர் ஒவ்வொரு நாளும் மூடி விடுறீர்.”

“குளிருமெண்டுதான் மூடினனான். ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“எப்ப சொல்லுறது? நான் வர நீர் போயிடுவீர். நீர் வர நான் போயிடுவன்.”

“போனிலையாவது சொல்லியிருக்கலாமே?”

“போனிலை பால் முடிஞ்சுது, பாண் முடிஞ்சுது எண்டுதானே நாங்கள் கதைக்கிறம்.”

யசோதினி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்ச மண்ணை விலக்கத் தொடங்கினாள்.