பச்சைப் பேனா உங்களுக்கே

டாக்டர் ஃபக்ரி அந்தப் பச்சைப் பேனாவைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

பேனாவை நீட்டிய தய்சீரின் கை ஒரு கணம் அப்படியே அந்தரத்தில் நின்றது.

அம்மான் நகரில், லுவைப்தே மேட்டில் உள்ள ஒரு காபிக்கடையில், மாதத்தின் முதல் சனிக்கிழமை மைப்பேனாப் பைத்தியங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பல் டாக்டர் ஃபக்ரியிடம் நாற்பது பேனாக்கள். என்னிடம் பதினொன்று. பள்ளிப் பேருந்து ஓட்டும் தய்சீரிடம் ஒன்றே ஒன்று, மூன்று தினாருக்கு வாங்கிய அந்தப் பச்சைச் சீனப் பேனா.

சிக்கனத்தில் அவர்தான் எங்களுக்கு வாத்தியார். தீர்ந்துபோன மைக்குழாயை மருந்துக்கடை ஊசியால் நிரப்பிக்கொள்வார். எந்தப் பள்ளி நோட்டில் மை பரவாது என்று அவர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் நான் வெளிநாட்டுத் தாளுக்கு எவ்வளவோ அழுதிருந்தேன்.

பச்சைப் பேனாவுக்கு ஒரே குறை. மூன்றாவது வரியில் நின்றுவிடும். உதறினால் எழுதும், கூடவே ஒரு சொட்டும் விழும்.

தய்சீருக்கு இன்னும் மூன்று வாரத்தில் மகள் கல்யாணம். இருநூறு அழைப்பிதழ் உறைகளிலும் விருந்தினர் பெயரைத் தன் கையால், மைப்பேனாவால் எழுதுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அச்சகத்தில் கூடுதலாகக் கொடுத்த பத்து உறைகளும் போன மாதமே பாழாகிவிட்டன. அவற்றைப் போன கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். பெண்ணைப் பெற்றவர் அழுதுகொண்டே எழுதியது போல இருக்கிறது என்று சுஹைர் டீச்சர் கேலி செய்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார்.

அன்றைக்கே நான் என் பேனாக்களில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன், சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று.

அவர் அதை இரண்டு விரலால் மெல்ல என் பக்கமே தள்ளிவிட்டார்.

“என் சம்பளத்துக்கு ஏத்த பேனா என்கிட்ட இருக்கு, அபு லைத்.”

ஒரு மாதமாக அவருடைய வீம்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று டாக்டர் பச்சைப் பேனாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். மூடியைத் திறந்து மூடினார். தன் பெயரை எழுதிப் பார்த்தார். இப்படியொரு பச்சை தன்னிடம் இல்லையே என்று சொல்லிக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். தய்சீர் வாங்கி, உடனே மறுபடி நீட்டினார்.

“உங்களுதுதான் டாக்டர். எடுத்துக்கங்க.”

எங்கள் ஊரில் யார் எதைப் பாராட்டினாலும் இப்படிச் சொல்லியாக வேண்டும். பாராட்டியவர், அது சொந்தக்காரரிடம் இருந்தால்தான் அழகு என்று சொல்லித் திருப்பிவிட வேண்டும். நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிற மரியாதை. நிஜமாகவே எடுத்துக்கொண்ட ஒருவரை இந்த ஐம்பத்து நான்கு வயதில் நான் பார்த்ததில்லை.

டாக்டர் எடுத்துக்கொண்டார்.

தய்சீர் சிரித்தார். ஆனால் அவர் கை தானாகப் போய் வெறும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தது.

“நாற்பத்தொண்ணு ஆச்சா டாக்டர்?” என்றார் சுஹைர் டீச்சர், தன் காபிக் கோப்பையைப் பார்த்தபடி.

என்னால் பொறுக்க முடியவில்லை. இருக்கிற ஒரு பேனாவையும் பிடுங்கிக்கொண்டால் அவர் இருநூறு உறைகளையும் எதால் எழுதுவார் என்று கேட்டேன். வாய் வார்த்தைக்குச் சொன்னதைப் பிடித்துக்கொள்வது பெரிய மனிதர் செய்கிற காரியமா என்றும் கேட்டேன். என் குரல் பக்கத்து மேசைவரை கேட்டது. அது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

“அவர் கொடுத்தாரு, நான் வாங்கிக்கிட்டேன். நடுவுல நீங்க யாரு, அபு லைத்?” என்றார் டாக்டர், கோபமே இல்லாமல்.

தய்சீர் என் முழங்கையைத் தொட்டு உட்கார வைத்தார். மனசாரத்தான் கொடுத்தேன், விடுங்கள் என்றார்.

டாக்டர் தன் தோல் பையிலிருந்து ஒரு கறுப்புப் பேனாவை எடுத்தார். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த பேனா. அரபி எழுத்துக்கென்றே முனையைச் சாய்வாகத் தேய்த்தது. யாரையும் தொடவிடமாட்டார். அதைத் தய்சீர் முன்னால் வைத்தார்.

அந்த இரண்டு விரல்கள் தள்ளுவதற்கு நீண்டன.

“தள்ளாதீங்க. உங்க பேனாவை வாங்கிக்கிட்டு உங்களை வெறுங்கையோட அனுப்பினேன்னு தெரிஞ்சா, எங்க வீட்டுல எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது.”

“அது எங்கே, இது எங்கே டாக்டர்...”

“எனக்கு அந்தப் பச்சை வேணும். இதை நீங்க எடுக்கலேன்னா அதை நான் திருப்பித் தரணும். கொடுத்ததைத் திருப்பி வாங்குற ஆளா நீங்க?”

தய்சீர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்கள் மடங்கின. கறுப்புப் பேனா அவர் சட்டைப்பைக்குள் போனது.

“மூணாவது வரியில நிக்கும் டாக்டர். பாத்து உதறுங்க, சட்டையில பட்டுரும்,” என்றார்.

டாக்டர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

வெளியே படிக்கட்டில் டாக்டரை நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைப்பையின் அடியில் அதற்குள் ஒரு மைப்பொட்டு. போய்விடலாம் என்றுதான் திரும்பினேன். மனசு கேட்கவில்லை.

“போன மாசம் நானும்தானே கொடுத்தேன். என்கிட்ட மட்டும் தய்சீர் ஏன் வாங்கலை?”

“நீங்க அவர்கிட்டேயிருந்து ஒண்ணுமே வாங்கலையே,” என்றார் டாக்டர்.