போகிப் புகையில் ஒரு குரல்

போகிப் புகை, விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரையே மூடியிருந்தது. மொட்டை மாடியில் நின்ற சாருலதாவுக்கு விமானங்கள் இறங்கும் சத்தம்தான் கேட்டது. அவற்றுக்குள் அவள் கணவர் பேசிக்கொண்டிருப்பார்.

அவர், கேப்டன் தயாளன், இறந்து மூன்று வருடமாகிறது. கருவிகளை மட்டும் நம்பி இறங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று, ஓடுதளம் தெரியாத நாட்களில் விமானிகளின் காதில் கணினி அவர் குரலிலேயே பேசி வழிசொல்லும்படி விமானக் கம்பெனி செய்துவிட்டது. ஒரு வார்த்தையாவது கேட்கக் கொடுங்கள் என்று சாருலதா இரண்டு முறை கெஞ்சினாள். குரல் கம்பெனிச் சொத்தாம்.

காலை எட்டு மணிக்கு, அவரிடம் பயிற்சி பெற்ற விமானி ஷெரின் சீருடையோடு மாடியேறி வந்தாள்.

“இன்னிக்கு இறங்கறப்போ முதல்ல ஒண்ணுமே தெரியல ஆன்ட்டி. ‘தெரியலைன்னா மேல போயிடும்மா, இன்னொரு சுத்து வரலாம்’னார் சார். ரெண்டாவது தடவைதான் இறங்கினேன்.”

“உன்னை ‘அம்மா’ போட்டுக் கூப்பிடறாராக்கும்? இருபது வருஷமும் எனக்கு வெறும் ‘ஏய்’தான்.” என்றாள் சாருலதா.

ஷெரின் சிரித்தாள். “ஒண்ணுதான் எங்களுக்குப் புரியல. சக்கரம் தரையைத் தொட்டதும், ‘ஏய், இறங்கிட்டேன், உலை வை’ங்கறார். அதை மட்டும் அந்தக் குரல்லேர்ந்து நீக்கவே முடியலையாம்.”

சாருலதா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அவர் இறங்கியதும் அவளுக்கு வந்த ஃபோன் அது.

“நீ என்ன சொல்வே?”

“‘ஓகே சார்’னு சொல்வேன்.”

“அதுக்கு மட்டும் நீ பதில் சொல்லாதே.”

அடுத்த விமானம் புகைக்குள் இறங்கியது. சாருலதா கீழே போய் உலை வைத்தாள்.