சின்னவன்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. படையினர் பிடித்துச் சென்று காணாமலாக்கியவர்களுக்குத் தானே பொறுப்பு என்று அரசு ஒப்புக்கொண்டது. நிவாரணமாக, அவர்களுடைய குடும்பங்களுக்கு மறதி ஊசி போட்டது. எங்களுக்கும் போட்டார்கள். யாரை மறப்பதற்கு என்பதும் அதோடு மறந்துபோயிற்று.

ஒரு மத்தியானம் அம்மா, "சின்னவன், சோறு ஆறுது, வா" என்று கூப்பிட்டார்.

"நான் ஒரே பிள்ளையெல்லே, ஏனம்மா சின்னவன்?"

"வீட்டுப் பூனை உனக்கு மூத்ததாக்கும்" என்று அப்பா சிரித்தார்.

அம்மா அகப்பையோடு அப்படியே நின்றார். "இஞ்சருங்கோ, எங்கட மூத்தவன் எங்க?"

மூவருக்கும் அவன் பெயர் வரவில்லை.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனோம். பெயர் இல்லாமல் பதிய முடியாது என்றார்கள்.

அப்பா இன்னொரு ஊசி போட்டுக்கொண்டார். அம்மா மறுத்துவிட்டார், பெயர் தெரியாத பிள்ளைக்காக அழுதழுதே இறந்தார். நான் அதே வீட்டில் இருக்கிறேன். அண்ணன் வரவில்லை.