சைலன்சருக்கு வைத்த பொட்டு

காயலான் கடையில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிளைத் தணிகைவேல் சல்லிசாக வாங்கினான். புது டேங்க், புது சீட், தெருவே அலறுகிற சைலன்சர் எல்லாம் மாட்டினான். பழைய இஞ்சினுக்கு ஒரு சொட்டு புது ஆயில் ஊற்றவில்லை. பூஜை போட்டபோது சைலன்சருக்குத்தான் சந்தனப் பொட்டு வைத்தான்.

"எனக்குத் தொண்டை காயுது, உனக்குப் பொட்டா?" என்று இஞ்சின் சீறியது.

"சத்தம் போடுறவனைத்தான் ஊர் பார்க்கும்" என்றது சைலன்சர்.

"இழுக்கிறவன் நான்டா!"

எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பிய வண்டி, மேம்பாலத்து ஏற்றத்தில் இஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. "இப்பக் கத்துடா, வண்டி ஏறுதான்னு பார்ப்போம்!" என்றது இஞ்சின்.

வியர்க்க வியர்க்க மெக்கானிக்கிடம் தள்ளிவந்தான் தணிகைவேல். இனியாவது தன்னைத் திறந்து பார்ப்பார்கள் என்று இஞ்சின் காத்திருந்தது.

"அண்ணே, இந்த சைலன்சர் ராசியில்லை. இதைவிடச் சத்தமா ஒண்ணு மாட்டுங்க" என்றான் தணிகைவேல்.