கடைசிப் பத்து நிமிடம்

ஜே வரிசை, பதினொன்றாம் நம்பர் சீட் பின்னால் சாயும் என்பது தாயம்மாவுக்கு இன்றுதான் தெரிந்தது.

ஆறு வருடமாக அதன் அடியில் பெருக்குகிறாள். உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

வேளச்சேரி மாலில் இருக்கும் அந்தத் தியேட்டரில் வருடக் கடைசி வாரம், அந்த வருடம் வந்த படங்களையே காலைக் காட்சியாக மறுபடி ஓட்டுவார்கள். வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பாஸ். இத்தனை வருடம் தன் பாஸை யாருக்காவது கொடுத்துவிடுவாள். இந்த முறை லீவு போட்டு, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் பார்க்காத படம் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் கடைசிப் பத்து நிமிடம்தான்.

படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே துப்புரவு ஆட்கள் துடைப்பமும் முறமும் பையுமாக உள்ளே வந்து, கதவோரம் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். லைட் எரிந்ததும் வேலையில் இறங்கிவிட வேண்டும். அடுத்த காட்சிக்கு அவ்வளவுதான் அவகாசம்.

அதனால் தாயம்மாவின் அளவுகோல் வேறு. பாப்கார்ன் பாதி டப்பாவிலேயே கிடந்தால் அது நல்ல படம். ஜனம் தின்ன மறந்திருக்கிறது. ஹீரோ செத்தாலும் பரவாயில்லை, சாகும்போது பேசிக்கொண்டே இருந்தால் மார்க் குறையும்.

டிசம்பர் வந்தால் டீ நேரத்தில் எல்லாரும் அவரவருக்குப் பிடித்த பத்துப் படத்தைச் சொல்வது அங்கே வழக்கம். படம் ஓட்டுகிற ஹம்மாத், எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்தவன் என்ற தோரணையில் ஆரம்பிப்பான். தாயம்மா பத்து க்ளைமாக்ஸைச் சொல்வாள். இந்த வருடம் அவள் முதலிடம் கொடுத்த படத்தைக் கேட்டு அவன் டீயைத் துப்பாததுதான் பாக்கி.

"தாயம்மாக்கா, நாலே நாள்ல தூக்குன படம் அது. முழுசாப் பாத்தியா நீ?"

பார்த்ததில்லை. ஆனால் அந்த முடிவை எட்டுத் தடவை பார்த்திருந்தாள்.

அறுபது வயது அம்மா ஒருத்தி நாலு புடவையைப் பையில் வைக்கிறாள். நிதானமாக. ஒரு பேச்சு கிடையாது. கதவைச் சாத்துகிறாள். தெருவில் இறங்கி நடக்கிறாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைக்கிறது. காற்று முகத்தில் அடிக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிக்கிறாள். அவ்வளவுதான்.

பிள்ளையின் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்று தாயம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் படத்தைத் தூக்கினார்கள். ஆறாம் நாள், பெரும்பாக்கத்தில் மகன் தமிழ்மாறனின் எட்டாவது மாடி வீட்டிலிருந்து தாயம்மா ஒரு பையோடு இறங்கினாள்.

அவன் கெட்டவனில்லை. மருமகளும் ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் காலை நீட்டிப் படுக்க டிவி அணையும்வரை காத்திருக்க வேண்டும். குழம்பில் ஒரு கல் உப்பு கூடப் போடவும் கேட்க வேண்டும்.

இப்போது தரமணியில் ஒற்றை ரூம். சாவி அவள் இடுப்பில். ஏழு மாதம் ஆகிறது, நிம்மதியாக இருக்கிறாள்.

அந்த நிம்மதிக்குக் காரணமான படத்தை முழுசாகப் பார்ப்பதுதான் மரியாதை என்று வந்திருந்தாள். முந்தாநாளிலிருந்து ஒரு பயமும் இருந்தது. படம் மட்டமாக இருந்துவிட்டால்?

மட்டமாக இல்லை. அதைவிட மோசம்.

ஆரம்பித்த கால்மணி நேரத்திலேயே அந்த அம்மா பிள்ளையோடு கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டாள். தனி ரூம். அப்புறம் ஒன்றரை மணி நேரம் அழுகை, இருமல், பிள்ளையின் சின்ன வயசு போட்டோ. துப்புரவு ஆட்கள் உள்ளே வருவதற்குச் சற்று முன்னால் பிள்ளை போன் செய்து, வந்துவிடு அம்மா என்கிறான்.

அதற்குத்தான் புடவையை எடுத்து வைக்கிறாள். அதற்குத்தான் பஸ். அவள் திரும்பிப் போகிறாள்.

யாரோ வழியைத் தப்பாகச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டதுபோல தாயம்மாவுக்குத் திக்கென்றது. ஏழு மாதத்தையும் ஒரு தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

அதற்குள் ஜன்னலோர சீட் வந்தது, காற்று வந்தது, சிரிப்பும் வந்தது. ஒன்பதாம் தடவையாகப் பார்த்தாள். அதே சிரிப்பு. அவளுக்கும் அதே சந்தோஷம், ஒரு பொட்டு குறையவில்லை. டைரக்டரைத்தான் ஒரு பாடு திட்டித் தீர்த்தாள். இவ்வளவு நல்ல முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் என்ன கண்றாவியை எடுத்து வைத்திருக்கிறான்.

முதலிடத்தை மாற்றுவதாக இல்லை.

லைட் எரிந்தது. கதவோரம் துடைப்பத்தோடு வேலம்மா நின்றிருந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. தாயம்மா எங்கே குடியிருக்கிறாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாக்கா, முன்னாடி இன்னா நடந்துச்சு? அந்தம்மா எங்க போவுது?"

தாயம்மா இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"புள்ள வூட்ட வுட்டுக் கெளம்பிடுச்சு. தரமணில ஒரு ரூம் எடுத்துக்கினு தனியாக் கீது. ஜொரம் வந்த ரெண்டு நாள்தான் கஷ்டம். மத்தபடி நல்லாக் கீது."

வேலம்மா தலையாட்டிவிட்டுக் குனிந்து ஒரு வரிசை முழுக்கப் பெருக்கினாள். பிறகு நிமிர்ந்து, அந்த ரூமுக்கு வாடகை எவ்வளவு என்று படத்தில் சொன்னார்களா என்று கேட்டாள்.