சிங்கப்பூர் விலை

படப்பையில் பெண் பார்க்க வந்த வீட்டில், சிங்கப்பூரிலிருந்து வந்த டில்லிபாபு பாயின் மேல் கடை விரித்திருக்கிறான். சென்ட் பாட்டில், ஷேவிங் செட், தங்க முலாம் கடிகாரம் எல்லாம் ஜன்னல் வெயிலில் பல்லிளிக்கின்றன. "ஏர்போர்ட்டு கடையில வரியே கெடையாது, அல்லாம் சல்லிசு" என்கிறான். காபியோடு நிற்கும் அமுலுவின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. "பொண்ணுக்கு நக இங்க வாங்காதீங்க மாமா. இங்கத்த வெலைக்குத் துட்டா குட்த்துடுங்க, நான் அங்கருந்து வாங்கியாறேன்." மிச்சம் யாருக்கு என்று அவன் சொல்லவில்லை. அவள் அப்பா கன்னியப்பன் மெல்லத் தலையாட்டத் தொடங்குகிறார். அமுலுவின் உதடு ஏளனமாகச் சுழிகிறது. அவனுக்குக் கொண்டுவந்த டம்ளரை அப்பாவின் கையில் வைக்கிறாள்.

"நீயே குடிப்பா. இவரு அங்க போயி வெல கம்மியா குடிச்சுக்குவாரு."