கதவு தளர்ந்த மைக்ரோவேவ்

கூடத்துச் சுவரில் தொங்கிய வைஃபை பெட்டிக்கு அன்று காலையிலிருந்தே உதறல். அருந்ததிக்கு மடிக்கணினியில் வேலைக்கான கடைசி நேர்காணல்.

அடுக்களை மைக்ரோவேவும் வைஃபையும் ஒரே அலைவரிசைக்காரர்கள். மைக்ரோவேவின் கதவு தளர்ந்துபோனதால், அது சூடாக்க ஆரம்பித்தாலே அலை கசிந்து வைஃபையின் குரலை அமுக்கிவிடும்.

"இன்னிக்கு ஒரு நாள் சும்மா இருங்கண்ணே," என்று கெஞ்சியது வைஃபை.

"பொத்தானை அமுக்கினா நான் வேலை செஞ்சுதானே ஆகணும், தம்பி?"

நேர்காணல் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. மகளுக்குத் தொண்டை வறளுமே என்று அம்மா, ஆறிப்போன காபியை மைக்ரோவேவுக்குள் வைத்துப் பொத்தானை அமுக்கினாள்.

"அண்ணே, வேண்டாம்!"

தொண்டை கிழியக் கத்தியும் அந்த இரைச்சலில் எடுபடவில்லை. திரையில் கேள்வி கேட்டவரின் முகம் திறந்த வாயோடு உறைந்தது. "சார், கேக்குதா? சார்!" என்று அருந்ததி பதறப் பதற, திரை இருண்டது.

காபியோடு ஓடிவந்த அம்மா, வைஃபை பெட்டியின் தலையில் ஓங்கி அறைந்தாள். "சனியன், சமயம் பார்த்துக் கழுத்தறுக்குது!"

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்கண்ணே."

மைக்ரோவேவ் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் அதே ஆணியில் புதுப் பெட்டி தொங்கியது. பழைய துணிகளோடு அட்டைப்பெட்டியில் கிடந்த வைஃபைக்கு அடுக்களையிலிருந்து அந்தப் பாசமான குரல் கேட்டது.

"வா தம்பி, பயப்படாம வேலையைப் பாரு. முன்னாடி இருந்தவனுக்குத்தான் சாமர்த்தியம் பத்தல."